பொம்மனஹள்ளியில் கிடைத்த சங்கீதாவும் பொம்மசந்திராவில் கிடைத்த படமும்

இந்தப் பக்கத்தில் இதுவரை ஒகேனக்கல், தீர்த்தமலை, மேட்டூர் என்று ஊர் சுற்றி வந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். இது வேறு மாதிரிப் பயணம். 2007 நவம்பரில் எங்கள் வீட்டில் வளரும் பெண் காணாமல் போனாள். அவளைக் கூட்டிவரத் தருமபுரியிலிருந்து பெங்களூர் போய் வந்தேன். அரசு உத்தரவு வாங்கி அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். அவர்களில் யாருக்காவது இப்படிப் பதற்றத்தோடு பஸ் ஏற வேண்டி வந்தால் உதவட்டும் என்று நேரம், தூரம், டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சங்கீதா என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, இந்தப் பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். வயது பதின்மூன்று. அவளுடைய அம்மா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்தவர். அப்பா எங்கே என்று தெரியாது. அம்மா காய்ச்சலில் இறந்தபோது இவளுக்கு ஒன்பது வயது. மாமா ஒருவர் தருமபுரிக்கு அழைத்து வந்து இரண்டு வருடம் வைத்திருந்தார், பிறகு முடியவில்லை என்று சொல்லிவிட்டார். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்ய மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு. அந்தக் குழுதான் அவளை எங்களிடம் ஒப்படைத்தது. இது தத்து இல்லை, வளர்க்கும் பொறுப்பு மட்டும். வருடம் ஒருமுறை உத்தரவைப் புதுப்பிக்க வேண்டும். நானும் வீட்டுக்காரரும் கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள்.

அந்தப் புதன்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எட்டேகாலுக்குக் கிளம்பினாள். பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது, வரவில்லை என்று. கடையை அப்படியே பூட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் தேடினோம். ஒரு மணிக்குக் காவல் நிலையம் போனோம். எழுத்தர் உத்தரவுத் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க சொந்தப் பொண்ணு இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றதும் நோட்டில் "வீட்டை விட்டு ஓடியது" என்று எழுதினார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் ஓடியது என்று எழுதினால் தானே திரும்பி வரும் என்று விட்டுவிடுவார்கள், காணவில்லை என்று எழுதினால்தான் தேடுவார்கள். பத்து வருடம் கோர்ட் வாசலில் காகிதம் பிரதி எடுத்த எனக்கு அந்த அளவு தெரியும். மாற்றி எழுதச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடித்துவிட்டு "காணவில்லை" என்று எழுதினார். அதன் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

வியாழன் காலை ஏழு இருபதுக்கு வீட்டுக்காரர் கடையைத் திறந்தபோது உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசிக்காரர்கள். பொம்மனஹள்ளி கம்பெனி ஒன்றின் கேட்டில் முந்தின நாள் சாயங்காலம் ஷிஃப்ட் விட்ட பிறகும் யூனிஃபார்மில் ஒரு பெண் நின்றிருக்கிறாள். செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெண்மணி டீ வாங்கிக் கொடுத்து, இவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். சங்கீதா கடை நம்பரை ஒப்பித்திருக்கிறாள். ராத்திரி வரை விட்டு விட்டு அடித்துப் பார்த்தார்களாம். பூட்டின கடையில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

எட்டு பத்துக்குப் பஸ். தருமபுரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 135 கிலோமீட்டர், டிக்கெட் 52 ரூபாய். வலப்பக்கம் உட்காராதீர்கள், கிருஷ்ணகிரி வரை வெயில் முகத்திலேயே அடிக்கும். கிருஷ்ணகிரி ஒன்பது ஐந்து, ஓசூர் பத்தே கால். அத்திப்பள்ளி தாண்டி மாநிலம் மாறியதும் நெரிசல் ஆரம்பிக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் கட்டுகிறார்கள், ரோடு முழுக்கத் தூண்களும் தகரத் தடுப்பும். சில்க் போர்டு வர பதினொன்றே முக்கால். இவ்வளவு தூரத்தைப் பதின்மூன்று வயதுப் பெண் தனியாக, யாரும் கேள்வி கேட்காமல் கடந்திருக்கிறாள்.

மடிவாளாவில் இறங்கி ஆட்டோ. டிரைவர் தமிழர். விலாசத்தைப் பார்த்ததுமே, "பசங்க ஹோம் தானேம்மா, மீட்டர் போட்டே வர்றேன்," என்றார். 38 ரூபாய். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், உள்ளே போய் முதலில் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள் என்று சொன்னார். திட்டத்தான் நினைத்திருந்தேன்.

போனதும் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். முடியாது. எந்த ஊரில் பிள்ளை கிடைத்ததோ அந்த ஊர்க் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும், அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் நம் ஊர்க் குழுவிடம் அனுப்புவார்கள். சுமா என்ற சமூகப் பணியாளர் இதை எனக்கு விளக்கினார். கன்னடக்காரர், வேலை பார்த்துப் பழகிய தமிழ். நான் உள்ளே நுழையப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப நீங்க பேடம்மா, வேணாம். முதல்ல அவளத் தனியா கேக்கணும். ஸ்வல்ப உக்காருங்க."

நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சோறு போட்டவள் வெளியே, யாரோ ஒரு அதிகாரி உள்ளே. கோபம் அடங்கியதும் பயம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே என்னை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. எந்த வீட்டிலிருந்து பிள்ளை போனதோ, அந்த வீட்டில் அடி உதை இருந்திருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எதைச் சொல்ல முடியும்?

சுமா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். சங்கீதாவிடம் அம்மா படம் ஒன்றுகூட இல்லை. மாமா வீட்டிலிருந்து வந்தபோது ஒரு பையில் துணிமணி மட்டும்தான் வந்தது. ஆனால் அம்மா கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியதும் அதில் படம் இருந்ததும் அவளுக்கு ஞாபகம். கம்பெனியில் கேட்டால் கொடுப்பார்கள் என்று போயிருக்கிறாள். கேட்டில் உள்ளே விடவில்லை.

"அம்மா மொகம் மறந்து மறந்து போவுதாம்," என்றார் சுமா. "அவ்ளோதான் ரீசன்."

ஆறு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் போகலாமா பெரிம்மா என்று என்னிடம் கேட்டிருந்தாள். அங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டிருந்தால் போதும்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. நானும் திட்டவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அங்கே வந்திருந்த பெங்களூர்க் குழு உறுப்பினர் அம்மாள் எங்கள் தாள்களைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சுமாவின் பொறுப்பில் கம்பெனிக்குப் போய் வர ஒரு கடிதம் எழுதினார். பிள்ளையைத் திருப்பி அனுப்புவதோடு எங்கள் வேலை முடியாது, எதற்காக வந்தாளோ அது அப்படியே இருந்தால் திரும்பவும் வருவாள் என்றார். அன்று அவள் ஹோமிலேயே தங்கினாள். நான் மடிவாளாவில் லாட்ஜ் எடுத்தேன். சிங்கிள் ரூம் 300, வெந்நீர் காலை ஏழு வரைதான்.

வெள்ளி காலை ஒன்பதரைக்குப் பொம்மனஹள்ளி கம்பெனி. பழைய ரெக்கார்டு எல்லாம் பொம்மசந்திரா யூனிட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். சங்கீதாவின் முகம் விழுந்துவிட்டது. பதின்மூன்று கிலோமீட்டர்தான், சிட்டி பஸ்ஸில் ஆளுக்குப் பத்து ரூபாய், ஆனால் மேம்பால வேலையால் ஐம்பது நிமிடம் ஆனது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள், அவளும் அம்மாவும் குடியிருந்த சந்து வந்ததும் விரலால் காட்டினாள். எனக்கா, சுமாவுக்கா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அங்கே பர்சனல் ஆபீசில் ஒரு வயதான கிளார்க். வெளி ஆளுக்கு எதுவும் காட்ட முடியாது என்றவர், குழுவின் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்துத் தூசி தட்டிக்கொண்டே ஒரு கட்டுடன் வந்தார். வேலைக்குச் சேர்ந்த விண்ணப்பத்தின் மூலையில் ஸ்டேப்ளர் அடித்த பாஸ்போர்ட் சைஸ் படம். கம்பெனி முத்திரை தோளிலிருந்து கன்னம் வரை விழுந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் சார், முத்திரை கறுப்பாக ஏறிவிடும், முகமே தெரியாது என்றேன். என் தொழில் அது. அட்டை புதுப்பிக்க எக்ஸ்ட்ரா படம் வாங்கி வைக்கும் வழக்கம் உண்டே, கவர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டேன். விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்னக் கவரைப் பிரித்தார். முத்திரை விழாத படம் ஒன்று இருந்தது.

அதை அவர் என்னிடம் கொடுக்கவில்லை, நேராக அவள் கையில் வைத்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை.

"மூக்குத்தி வலது பக்கம்," என்றாள் என்னிடம். "நான் இடதுன்னு நெனச்சிட்டிருந்தேன், பெரிம்மா."

மத்தியானம் குழுவின் உத்தரவு கிடைத்தது. என்னோடு வரச் சம்மதமா என்று இன்னொரு முறை அவளைத் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. துணைக்கு ஒரு பெண் காவலருடன் மூன்று மணி பஸ், தருமபுரி ஏழு.

இப்படிப் போக வேண்டி வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வளர்ப்பு உத்தரவின் மூலப் பிரதியும் நான்கு நகலும், பிள்ளையின் சமீபத்திய படமும் எப்போதும் ஒரே கவரில் இருக்கட்டும். புகாரில் "காணவில்லை" என்றே எழுத வையுங்கள், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உடனே உங்கள் குழுவுக்கும் தகவல் கொடுங்கள். ஒருவர் வீட்டில் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். மனப்பாடம் செய்யக் கொடுக்கும் நம்பர் கையோடு இருக்கும் செல் நம்பராக இருக்கட்டும், கடை நம்பர் வேண்டாம். இரண்டு நாளுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கும் சேர்த்து. உங்களை வெளியே உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.

பிள்ளையை ஒப்படைத்தபோது எங்களுக்குக் கொடுத்த தாள்களில் சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் இருந்தது. காணாமல் போனால் முதல் மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அவள் யாரைத் தேடுவாள், எதைத் தேடுவாள் என்று கேட்கும் கட்டமும் இல்லை. இரண்டையும் சேர்க்கச் சொல்லி எங்கள் குழுவுக்கு மனு எழுதினேன். இரண்டாவதை எங்கள் மாவட்டத்தில் தனித்தாளாகச் சேர்த்திருக்கிறார்கள். முதலாவது மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். மாதம் ஒருமுறை போய்க் கேட்டு வருகிறேன்.

அந்த மனுவைக் கொடுத்தது, திரும்பி வந்த அடுத்த திங்கட்கிழமை, சங்கீதாவை எங்கள் குழு முன் ஆஜர்படுத்தியபோது. அதற்குள் ஸ்டூடியோவில் கொடுத்து அம்மா படத்தை எட்டுப் பிரதி போட்டிருந்தோம். அவள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது ஃபைல்ல இருக்கட்டும் சார். நாளைக்கு என்னை வேற வீட்டுக்கு அனுப்பினா ஃபைலும் கூடத்தானே வரும்?"

உன்னை எங்கேயும் அனுப்பமாட்டோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வருடா வருடம் புதுப்பிக்கிற உத்தரவு, அதை அவளும் படித்திருக்கிறாள். குழுத் தலைவர் ஸ்டேப்ளரை எடுத்தார். அவள் சட்டென்று படத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள். அவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, டிராயரில் தேடி ஒரு சின்னக் கவரை எடுத்துப் பசை தடவி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினார். படத்தை அவளே உள்ளே போட்டாள்.

"அம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் கவரின் மேல் எழுதினார்.