இருபத்து நான்காவது பெயர்

காப்பகத்தில் அவளை எல்லோரும் மனு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டதால், அது உறவு முறை போய் உத்தியோகப் பெயராகிவிட்டது. அரசாங்கத்துக்கு எழுத வேண்டியது எதுவானாலும் அவள்தான் எழுதுவாள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒரு மனு, குப்பை வண்டி வராவிட்டால் ஒரு மனு. வருடத்துக்கு ஒரு முறை, வீடற்றவர்களுக்கான தங்குமிடத் திட்டத்தில் மானியம் கேட்டு நாற்பத்தொரு பக்கத்துக்குப் பெரிய மனு.

காப்பகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. முன்பு காகிதக் கிடங்காக இருந்த நீளமான கூடம். இரண்டு வரிசையாக இரும்புக் கட்டில்கள், நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழி. ஒரு முனையில் தார்ப்பாய் தொங்கவிட்டு அதற்கப்பால் பெண்கள். சாப்பாட்டைப் பற்றியோ போர்வையைப் பற்றியோ அங்கே யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. கேட்டதெல்லாம் கதவு.

"உள்ள இருந்து தாப்பாள் போடுற மாதிரி ஒரு கதவு இருந்தாப் போதும் அக்கா. நான் வாயத் திறந்துட்டுத் தூங்குறத நாலு பேரு பாக்குறாங்க," என்பாள் ரேடியோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர்.

"நீ தூங்குறப்பதான் எங்களுக்கு நிம்மதி, அதான் பாக்குறோம்," என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்.

கூடத்தை இருபத்து நான்கு சிறிய அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவும் பூட்டும் போட வேண்டும் என்பதுதான் மனு. முதல் வருடம் இணைப்புகளின் வரிசை மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் வருடம், மனு மேசை மேசையாக நகர்ந்து முடிப்பதற்குள் கட்டட உரிமையாளர் கொடுத்த கடிதத்தின் தேதி முடிந்துவிட்டது. மூன்றாம் வருடம் புதிதாக ஒரு பட்டியல் கேட்டார்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல் அங்கே தங்கியிருக்கும் இருபத்து நான்கு பேரின் பெயர், வயது, பார்த்த வேலை, கடைசியாக வசித்த முகவரி. ஒருவர் குறைந்தாலும் மனு செல்லாது.

பெயரும் வயதும் ஒரு பொழுதில் முடிந்துவிட்டன. முகவரி வாங்கத்தான் பதினோரு நாள் பிடித்தது. ஒருவர் கதவு எண்ணைச் சொல்லிவிட்டு, "ஆனா அந்த வீடு இப்ப இல்ல, இடிச்சுட்டு ரோடு போட்டுட்டாங்க," என்றார். ரேடியோகூட அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிறுத்திப் பேசினாள்.

"எந்த வீட்டச் சொல்ல? நானா வெளிய வந்த வீடா, தள்ளிவிட்ட வீடா?"

"கடைசியா இருந்தது எது?"

"தள்ளிவிட்டது."

"அதச் சொல்லு."

"அத எழுதினா அவங்களுக்குக் கடிதம் கிடிதம் போகுமா?"

"போகாது."

"போனாலும் பரவாயில்லன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு முகவரியைச் சொன்னாள், அஞ்சல் எண் வரைக்கும்.

இப்படியாக இருபத்து மூன்று வரிசைகள் நிரம்பின.

மனு அக்கா காப்பகத்துக்கு வருமுன் பத்தொன்பது வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். அங்கிருந்து இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று, எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றாவது எழுதிவிடுவாள். இன்னொன்று, தப்பாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கமாட்டாள். அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்பாள். மளிகைச் சீட்டில்கூட அவள் அப்படித் திருத்துவதைப் பார்த்து, "சர்க்கரைக்கும் சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்பார் அவள் கணவர்.

அவள் காப்பகத்துக்கு வந்தது வேலைக்காக இல்லை. அண்ணனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

அவளைவிட இரண்டு வயது மூத்தவன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். கம்பெனி மூடியபின் அவள் வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் இருந்தான். எப்போது போகிறான், எப்போது வருகிறான் என்று சொல்லமாட்டான். சோற்றை மூடி வைத்து மூடி வைத்து அவளுக்கும் சலித்துப் போயிருந்தது. ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, துணியெல்லாம் சோப்போடு ஊறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவனிடம், "இது வீடா, சத்திரமா? நெனச்சப்ப வர்றதும் நெனச்சப்ப போறதும்," என்றாள். அவன் அடுப்படியில் இருந்த டீயைக் குடித்தான். டம்ளரைக் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். போய்விட்டான். ஆறு வருடம் ஆகிறது.

காவல் நிலையம், மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் முடிந்தபின் ஒரு போட்டோவோடு காப்பகத்துக்கு வந்தாள். மறு வாரமும் வந்தாள். நான்காவது முறை வந்தபோது காப்பகப் பொறுப்பாளர், "வந்தது வந்தீங்க, இந்தக் கடிதத்தக் கொஞ்சம் அடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். அடித்துக் கொடுத்தாள். அப்படியே இருந்துவிட்டாள்.

வாசலில் காவல் இருப்பவரை எல்லோரும் சாவியார் என்பார்கள். பீரோ சாவி முதல் குளியலறைச் சாவி வரை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். நடந்தால் மணி கட்டிய மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும். வேலை முடிந்து கிளம்பும்போது அவள் தினமும் அவரிடம் கேட்பாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"இன்னைக்கு இல்லம்மா."

ஒரு நாள்கூட அவர் வெறுமனே இல்லை என்று சொன்னதில்லை. அந்த "இன்னைக்கு" என்ற சொல்லோடு அவள் பேருந்து ஏறுவாள்.

மனு கொடுக்கக் கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்றே முக்காலுக்கு இருபத்து நான்காவது வரிசை காலியாக இருந்தது. புதிதாக வந்தவர்கள் யாருக்கும் மூன்று மாதம் ஆகவில்லை. அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு அண்ணனின் பெயரை எழுதினாள். வயதை எழுதினாள். பார்த்த வேலை, லிஃப்ட் மெக்கானிக். கடைசியாக வசித்த முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள். எழுதியதில் எதுவுமே பொய்யில்லை. தற்போது இங்கே தங்கியிருக்கிறாரா என்ற கட்டத்தில் போட்ட ஒரு ஆம் தவிர.

சரிபார்க்க ஆள் வருவதற்குள் அவன் வந்துவிடுவான் என்று நினைத்தாளா என்றால், நினைக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்து அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மழையில் நனைந்த தோள்பையைத் துடைத்துவிட்டு, பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ரேடியோ தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கதவு பாக்க வந்திருக்காங்க. நீ ஓரமா நில்லு," என்றாள் அவள்.

இருபத்து மூன்று முடிந்தது. இருபத்து நான்காவது பெயரை அதிகாரி வாசித்தார். யாரும் வரவில்லை. மறுபடி வாசித்தார். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இவரோட கடைசி முகவரியும், மனுவுல தொடர்புக்குன்னு நீங்க குடுத்த முகவரியும் ஒண்ணா இருக்கேம்மா."

"எங்க அண்ணன் சார்."

"எங்க இருக்காரு?"

"தெரியல சார்."

கூடத்தில் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பொய்த் தகவல்னு நான் எழுதினா மொத்த மனுவும் போயிடும். கைத்தவறுன்னா, நான் இங்க இருக்கும்போதே எழுதினவங்க திருத்திக் கையெழுத்துப் போடலாம். கைத்தவறாம்மா?"

"கை தவறல சார். தெரிஞ்சுதான் எழுதினேன்."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். "கைத்தவறான்னு கேட்டேன்," என்றார் இன்னும் மெதுவாக.

"அக்கா, சாரு அவ்வளவு சொல்றாருல்ல. ஆமான்னுட்டுப் போவீங்களா," என்றாள் ரேடியோ.

"ஆமா சார்," என்றாள் அவள்.

"அப்பவும் இருபத்து மூணுதான் நிக்குது. இன்னும் ஒருத்தர் வேணும். மூணு மாசம் ஆனவரு."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ மட்டும் வாசலைப் பார்த்தாள்.

"ஏன் சாவியாரே, நீங்க எங்க தூங்குறீங்க?"

"நான் டூட்டில இருக்கேன்," என்றார் சாவியார்.

"ஒம்பது வருஷமாவா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. வாசல் நாற்காலிக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாயையும், ஆணியில் தொங்கும் இரண்டு சட்டைகளையும் எல்லோரும் தினமும் பார்த்திருக்கிறார்கள். தலைகளை எண்ணும்போது கதவைத் திறந்துவிடுகிறவரை யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை. பதினோரு நாள் ஆள் ஆளாகப் பிடித்து முகவரி கேட்ட மனு அக்காவுக்கும் தோன்றவில்லை.

"அவரு சம்பளம் வாங்குறவராச்சே," என்றார் யாரோ.

"வேலை இருக்கான்னு பாரத்துல கேக்கல. வீடு இருக்கான்னுதான் கேட்டிருக்கு," என்றார் அதிகாரி.

சாவியார் சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அது அவங்க அண்ணன் எடம் சார். நான் உக்கார மாட்டேன்."

மனு அக்கா பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அளவுகோல் எடுத்து அண்ணனின் பெயருக்குக் கீழே வைத்தாள், பிறகு எழுத்தின் நடுவுக்கு நகர்த்தினாள். ஒரே ஒரு கோடு. வயதின் மேல், வேலையின் மேல், தன் வீட்டு முகவரியின் மேல், அந்த ஆமின் மேல். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, தேதியும் போட்டாள். கோட்டுக்கடியில் பெயரை நன்றாகவே படிக்க முடிந்தது.

"இப்ப காலியா இருக்கு. கட்டம் காலியா இருந்தா எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். வந்து பேரச் சொல்லுங்க," என்றாள் சாவியாரிடம்.

அவர் சாவிக் கொத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சாவிச் சத்தத்தோடு மேசைக்கு வந்து பெயரைச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரைப் பலர் அன்றுதான் முதல் முறை கேட்டார்கள். அடித்ததற்கு மேலே இருந்த இடைவெளியில் அவள் பொடி எழுத்தில் எழுதினாள்.

"கடைசியா வசித்த முகவரி?"

"மகன் வீடு," என்றார். தெருவையும் கதவு எண்ணையும் சொன்னார். காப்பகத்திலிருந்து பேருந்தில் இரண்டே நிறுத்தம்.

அவள் அதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

மானியம் ஏழு மாதத்தில் வந்தது. தச்சர்கள் வந்து கூடத்தை மரப்பலகையால் தடுத்தார்கள். கதவுகள் வந்திறங்கிய அன்று ரேடியோ தன் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுக்க வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "யாரு?" என்று உள்ளிருந்து கேட்டாள். யாரு என்று கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்த மாதிரி, ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவிகள். ஒன்று அறைக்காரருக்கு, இன்னொன்று அலுவலக பீரோவுக்கு. சாவியார் இருபத்து மூன்றை அட்டை கட்டி பீரோவில் மாட்டினார். மாலையில் அவள் கிளம்பும்போது தன் அறையின் இரண்டாவது சாவியை நீட்டினார்.

"இது பீரோவுல வேணாம். உங்க பையில இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு?"

"நான் என்னைக்காச்சும் கடைக்குக் கிடைக்குப் போயிருப்பேன். அந்த நேரம் பாத்து நீங்க தேடுற ஆள் வந்து நின்னா, யாரு திறந்து விடுறது?"

அவள் வாங்கிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"இன்னைக்கு இல்லம்மா."

வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பைக்குள் கையை விட்டு, கைக்கு வந்த சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திரும்பவில்லை. வெளியே எடுத்துப் பார்க்காமல் இன்னொரு முறை அழுத்தித் திருப்பினாள். சத்தம் கேட்டு அவள் கணவர் உள்ளிருந்து திறந்தார்.

"என்ன, சொந்த வீடு மறந்துபோச்சா?"

அவள் கையிலிருந்த புதுச் சாவியை அப்போதுதான் பார்த்தாள். அவரும் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று ஏதோ சொன்னார். அது எண்ணெய் விட்டுச் சரியாகிற விஷயமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றார்.

"வைங்க," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புதுச் சாவியை வீட்டுச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே, அதன் பக்கத்தில் மாட்டினாள்.