நுரையில் நனைந்த விமானம்

விமான நிலையத்தின் தீயணைப்பு வண்டி ஓட்டுநரைத் தெருவில் எல்லோரும் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுபாதையில் ஓட்டுகிறவன் எல்லாம் பைலட்தான் என்று அவரே ஒருநாள் அளந்துவிட்டது, பேராக ஒட்டிக்கொண்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்ததெல்லாம் ஒரு தகரக் கொட்டகையும், காற்றடிக்கும் திசையைக் காட்டும் ஒரு துணிப்பையும்தான். எப்போதாவது ஒரு குட்டி விமானம் வரும். அது இறங்குமுன் ஓடுபாதையில் மேயும் மாடுகளை விரட்டுவதும் அவர் தலையில்தான் விழும். பிறகு ஓடுபாதையை நீட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. சுங்கச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். முதல் வெளிநாட்டு விமானத்துக்கும் நாள் குறித்தாயிற்று.

அதை வரவேற்க இருபுறமும் தீயணைப்பு வண்டிகள் நின்று தண்ணீரை வளைவாகப் பீய்ச்ச வேண்டும். ஒரு வண்டி பைலட்டுக்கு. மனிதர் தரையில் நிற்கவில்லை.

“மச்சான், நீங்க வந்தே ஆகணும். விமானத்தையே குளிப்பாட்டப் போறேன்” என்று மனைவியின் அண்ணனை வருந்தி அழைத்தார்.

விமானம் வரும் நாள் காலைதான் அந்த வண்டியில் தீயணைக்கும் நுரையைச் சோதித்திருந்தார்கள்.

“நுரைக் குழாய மூடிட்டீங்களாண்ணே? எறங்கி ஒரு தடவ பாத்துடுங்க” என்றார் நிலைய அதிகாரி.

“இந்த வண்டிய நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன் சார்.”

அவர் இறங்கவில்லை. பார்வையாளர் மாடத்தில் மச்சான் தெரிகிறாரா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

விமானம் உருண்டு வந்தது. எதிர் வண்டியிலிருந்து தண்ணீர். இவருடையதிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை. விமானியின் கண்ணாடி மறைந்து விமானம் குலுங்கி நின்றது. ஜன்னலெல்லாம் வெள்ளையாகிவிட, தீப்பிடித்துவிட்டது என்று உள்ளே ஒரே கூச்சல். இறங்கிய எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. விமானத்தைக் கழுவும் வேலையும் அவருக்கே வந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஊரே நின்று பார்த்தது.

அன்று வீட்டில் தொலைக்காட்சியில் அதே காட்சி வந்தபோது மச்சான் சட்டென்று எழுந்து அணைத்தார். “இத எதுக்குப் போட்டீங்க? வாங்க, சாப்பிடுவோம்.” கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பைலட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

தெருப் பிள்ளைகள் அவருக்கு ‘ஷாம்பு’ என்று பேர் மாற்றினார்கள். அவர் சந்துவழியாக வீடு திரும்பத் தொடங்கினார்.

“எத்தன நாளைக்கு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவீங்க? யார் குடியக் கெடுத்தீங்க?” என்றாள் மனைவி.

“சிரிக்கிறாங்கன்னு இல்லடி. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு எறங்குச்சு. கால் நடுங்கி அப்படியே தரையில உக்காந்துடுச்சு. பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்த கேக்கல. குழாயப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.”



வண்டி ஓட்ட மனமில்லை என்று அதிகாரியிடம் சொன்னார். வேண்டாம் என்று தடுப்பார் என எதிர்பார்த்தார். அவரோ சரியென்று தலையாட்டிவிட்டார். அதுவும் சுருக்கென்று தைத்தது. அதன்பின் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான்.

அந்த வெளிநாட்டு விமானம் வரும்போதெல்லாம் ஓய்வு நேரமாக இருந்தால் வெளிவாசலில் போய் நிற்பார். ஒருநாள் அந்தப் பெண் வந்தாள். குழந்தை இப்போது அவள் விரலைப் பிடித்து நடந்தது.

“அன்னைக்கு நுரை அடிச்சது நான்தாம்மா. தப்பு என்னோடதுதான்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

“இப்பவும் விமானம் எறங்குறப்ப இவன இறுக்கிப் புடிச்சிக்கிறேன்” என்றாள். பிறகு, “சரி, வரேன்” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பெட்டியைத் தூக்கித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். அதைக் கேட்கும் தகுதியும் தனக்கு இல்லையென்று தோன்ற, அவள் டாக்சியில் ஏறும்வரை தலைகுனிந்து நின்றார்.