எங்கள் அம்மாவும் அவருடைய ஏழு வால்வுகளும்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்த அன்று நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. விடிந்ததும் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை மடுல்சீமையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம்.

2. சாவு வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த பெண்களும் குடம், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். பின்பக்கத்துப் பெரிய பீப்பாய்கள் இரண்டையும் அடிக்குழாயைத் திறந்து ஓடவிட்டார்கள்.

3. கொஞ்ச நேரத்தில் வீட்டுக் குழாய்கள் இருமத் தொடங்கின. பிறகு காற்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

4. கட்டடங்களில் தண்ணீரும் மின்சாரமும் எங்கே வீணாகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். கொழும்பில் பல மாடி ஓட்டல்களுக்கு அதைச் செய்கிறேன். இரண்டு அறை வீட்டின் ஏழு வால்வுகளுக்கு முன்னால் நின்றேன். எது எதற்கு என்று தெரியவில்லை.

5. பிற்பகலில் எடுக்க வேண்டும். அதற்கு முன் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்த கதையைச் சொன்னால் அம்மாவின் வாழ்க்கையில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

அம்மா இதே மலையில், ஒரு தோட்டத்து லயத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். ஊற்று நீர் கொட்டும் பீலி பள்ளத்தில் இருந்தது. தினமும் அங்கிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, குடம் நிற்கவில்லை. கொழுந்து பறிக்கப் போன பிறகும் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னால் இரண்டு நடை தண்ணீர் சுமந்தார். அப்பா பெண் பார்க்க வந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"வீட்டுக்குள்ள தண்ணி இருக்குமாங்க?"

அப்பா யோசிக்காமல் "ஆமாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகக் கல்யாண வாழ்க்கை முழுவதும் அனுபவித்தார்.

ஏனென்றால் அப்பாவின் வீடு ஒரு பழைய லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள். தகரக் கூரை, பகலிலும் இருட்டு, தண்ணீர் கிடையாது. புது வீடு கட்டும் வசதி எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அம்மா அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பசறையிலிருந்து கட்டட வேலை செய்யும் முத்தையா பாஸை அழைத்து, இருந்த வீட்டையே ஆண்டுக்கு ஒரு வேலையாக மாற்றினார். கூரையில் இரண்டு தகரங்களை எடுத்துவிட்டு வெளிச்சம் விடும் தகடு போட்டார். பகலில் பல்பு எரிவது நின்றது. குசினி அடுப்பின் புகைபோக்கியைச் சுற்றி இரும்புக் குழாயை ஓடவிட்டார். சோறு வேகும்போதே குளிக்க வெந்நீர் தயாரானது. பாத்திரம் கழுவிய தண்ணீர் கக்கூஸுக்குப் போனது.

தண்ணீரைக் கொண்டுவந்ததுதான் பெரிய வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் சிறிய ஊற்றுக் குழி. குழி எங்கள் வீட்டை விட உயரத்தில் இருந்தாலும் மேடு அதைவிட உயரம். குழாயை மேட்டின் மேலேற்றி இறக்கினார் அம்மா. குழாய் முழுவதும் தண்ணீர் நிறைந்திருந்தால் அது தானாக மேடேறி இறங்கிவந்து பின்பக்கத்துப் பீப்பாய்களை நிரப்பும். மோட்டார் தேவையில்லை. இதைப் பள்ளியில் சைபன் என்று படித்தேன். அம்மா இதை "அது பாட்டுக்கு வரும்" என்று சொல்வார்.

வந்த தண்ணீருக்குக் காவலும் அம்மாதான். குளியலறையின் வால்வைக் குசினிக்குள் வைத்துக்கொண்டார். வானொலியில் ஒரு பாட்டு முடிந்ததும் மூடிவிடுவார்.

"ஏய், சவுக்காரம் இன்னும் போகலடி!" என்று உள்ளிருந்து அப்பா கத்துவார்.

"அவ்ளோ சவுக்காரம் போட சொன்னது யாருங்க? தொவாயால தொடச்சிட்டு வாங்க."

நான் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த பின், அலுவலகப் படிவத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஆறு பக்க அறிக்கை எழுதினேன். வால்வுகளுக்குப் பெயரில்லை, மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், ஒரு மின்மோட்டார் போதும் என்பவை அதன் முடிவுகள். பதுளையில் மோட்டாரும் வாங்கிவந்தேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கரண்டு போனா இது என்னா செய்யும்?"

"கரண்டு வந்ததும் ஓடும்மா."

"அதுவரைக்கும் சும்மா ஒக்காந்திருக்குமா? சும்மா ஒக்காந்திருக்க வீட்டுல ஏற்கனவே ஒங்கப்பா இருக்காரு."

மோட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. அறிக்கைத் தாள்கள் ஜாடி மூடக் குசினிக்குப் போயின. "வா, மேட்டுல எப்படி செஞ்சிருக்கேன்னு காட்டுறேன்" என்று அம்மா ஒருமுறை கூப்பிட்டார். மழைக்காலம். காலில் அட்டை ஏறும் என்று நான் போகவில்லை.

அன்று காலை இதற்கெல்லாம் பலன் தெரிந்தது. துக்கத்துக்கு வந்த பெரியவர்கள் உதவி செய்வதாக ஆளுக்கொரு வால்வைத் திருப்பிவிட்டுப் போனார்கள். எதைத் திறந்தார்கள், எதை மூடினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. மோட்டாரை வெளியே எடுத்துக் குழாயில் பொருத்தினோம். அது காற்றைக் குடித்து ஊளையிட்டது. சின்னம்மா அதைவிட உரக்க ஒப்பாரி வைத்தார்.

"எங்கக்கா... ஏழு பூட்டு வச்ச எங்கக்கா... எந்தப் பூட்டுன்னு சொல்லாம போயிட்டியே!"

பீலியிலிருந்து நாலு குடம் கொண்டுவந்து காரியத்தைப் பார்ப்போம் என்று ஒருவர் சொன்னார். சின்னம்மா அழுகையைச் சட்டென்று நிறுத்தினார்.

"பீலித் தண்ணியா? எங்கக்கா அதைச் சொமந்து சொமந்துதான் தலையில முடி இல்லாம போச்சு. அவ போட்ட பைப்புல வர்ற தண்ணியிலதான் அவ குளிக்கணும். இல்லாட்டி யாரும் தூக்கக்கூடாது."

அப்பா தலையசைத்தார். பீலி யோசனை அத்தோடு போனது.

பத்தரை பஸ்ஸில் முத்தையா பாஸ் வந்து இறங்கினார். அம்மாவைப் பார்த்து அழுது முடித்ததும், எந்த வால்வு எதற்கு என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு எங்க தெரியும் தங்கச்சி? நா ரெண்டு வால்வுதான் போட்டேன். மிச்சத்த அக்காவே போட்டுக்கிருச்சு. ஆனா மேட்டு உச்சில ஒரு மூடி கேட்டிச்சு. வச்சுக் குடுத்தேன்."

இருவரும் மேடேறினோம். முதலில் ஊற்றுக் குழியைப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. பீப்பாய்களை ஓடவிட்டதும் அவற்றை நிரப்பத் தண்ணீர் நில்லாமல் இறங்கி, கோடைக் காலத்துக் குழியை வற்றவைத்திருக்கிறது. குழாய் காற்றை இழுத்துவிட்டது. இப்போது குழியில் மறுபடி ஊறியிருந்தாலும் காற்றைத் தாண்டி அது வராது. உச்சியில், கவிழ்த்த சட்டிக்குக் கீழே மூடி இருந்தது. பக்கத்தில் ஒரு புனலும் தகரக் குவளையும் கயிற்றில் கட்டிக் கிடந்தன. அம்மா இந்த வேலையைப் பல தடவை தனியாகச் செய்திருக்கிறார்.

இரண்டு பக்கமும் அடைத்து, உச்சி வழியாகக் குழாயை நிரப்பி, மூடியைத் திருகிவிட்டுத் திறக்க வேண்டும். நிரப்ப இரண்டு வாளி தண்ணீர் வேண்டும். குழித் தண்ணீரில் கைவைத்தால் பிறகு வருவதற்கு ஒன்றும் இராது. பக்கத்தில் வேறு தண்ணீர் பீலியில்தான் இருந்தது. சின்னம்மாவிடம் இதை யார் சொல்வது என்று நானும் பாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"பைப்பு குடிக்கிறதுக்குத்தானே? பைப்பு குடிச்சா குடிக்கட்டும்" என்றார் சின்னம்மா. இரண்டு வாளியையும் அவரே பள்ளத்திலிருந்து மேட்டுக்குச் சுமந்து வந்தார். வாங்கப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

கீழே பீப்பாய்க் குழாயை மூடிப் பிடிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு.

"தொறக்கட்டுமா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இன்னும் இல்லப்பா!"

"கல்யாணம் ஆன நாள்லருந்து இதே பதில்தான்!"

மூடியைத் திருகிய பின் திறக்கச் சொன்னேன். குழாய் ஒருமுறை குலுங்கியது. பின் அப்பாவின் குரல் கேட்டது. "வருது... வருது! அது பாட்டுக்கு வருது!"

அம்மா தாமே வீட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். சின்னம்மா பழக்கதோஷத்தில் அரைக் குவளையாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே நின்ற அப்பா சொன்னார்: "நெறைய ஊத்துங்க. இன்னைக்கு மூடுறதுக்கு ஆளில்ல."

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தரும்போது நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. சொல்லி அனுப்பாமலே பஸ் ஏறிவந்த முத்தையா பாஸ். பீப்பாய்களைக் காலி செய்து, காரியங்கள் முடிந்ததும் தேய்த்துக் கழுவித் தந்த லயத்துப் பெண்கள். ஹல்துமுல்லையிலிருந்து வேன் பிடித்து வந்து எங்களோடு தங்கிய உறவினர்கள். வால்வுகளைத் திருப்பிய பெரியவர்களுக்கும் நன்றி. அவற்றைப் பழையபடி வைக்க இரண்டு நாள் ஆனது.

இன்றைய நிலை: வால்வுகளுக்கு இலக்கம் எழுதியாயிற்று. ஆறாவது எதற்கு என்று இன்னும் தெரியவில்லை, அதைத் தொடுவதில்லை. அப்பா தாமாகவே ஒரு பாட்டுக்குள் குளித்துவிடுகிறார். மேட்டு மூடியைத் திறந்து குழாயை நிரப்ப அப்பா, சின்னம்மா, நான் ஆகிய மூவருக்கும் தெரியும். தண்ணீர் வருகிறது.