பொய் நோயாளி ஹோபர்ட்

என் புருஷன் ஹோபர்ட் நேப்பியர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வலிக்கிறது என்று சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்தவள் மருத்துவம் படிக்கிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். இருந்தும் மனுஷனைக் காப்பாற்ற ஆளில்லை. எரிச்சலோடுதான் சொல்கிறேன். பிடித்தால் கேளுங்கள்.

ஹோபர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் போடும் நாடகம். ஆட்டு இடையன் வேஷம், ஒரே ஒரு வரி வசனம். அதையும் இழு இழு என்று இழுத்து, பாஸ்டர் முறைத்தாலும் நிறுத்தமாட்டார். அதைப் பார்த்த டெனிஸ் என்ற பெண்மணிதான் தான் வேலை பார்க்கும், மலைக்குக் கீழே இருக்கும் கல்லூரியில் அவருக்கு வேலை போட்டுக்கொடுத்தாள்.

அந்தக் கல்லூரியில் பிஸிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு நடக்கிறது. படித்து முடித்தாலும் டாக்டர் ஆகமாட்டார்கள். ஆனால் அமெரிக்காவாகவே இருந்தாலும், கெண்டக்கியில் எங்களைப் போன்ற மலை ஊர்களுக்கு டாக்டர் எங்கே வருகிறார்? நாடி பிடிப்பதும் மருந்து எழுதுவதும் இவர்கள்தான். நிஜ நோயாளியிடம் விடுவதற்கு முன்னால் பொய் நோயாளியை வைத்துப் பரீட்சை நடத்துவார்கள். என்ன நோய், எங்கே வலி, எதைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஹோபர்ட்டின் வேலை அதுதான்.

மனுஷன் வீட்டிலும் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார்.

"யோவ், சோளரொட்டி ஆறிப்போகுது. குடல்வால் வெடிச்சது போதும், எழுந்திரு."

"எந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன்னு பாரு விர்ஜி. வலது பக்கம்! போன தடவை நடிக்க வந்தவன் இடது பக்கம் பிடிச்சு மானத்தை வாங்கிட்டானாம்."

அவரிடம் டெனிஸ் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "மணி அடிக்கிற வரைக்கும் வேஷத்தைக் கலைச்சுடாதீங்க, மிஸ்டர் நேப்பியர். புள்ளைங்களுக்குத்தான் மார்க்கு போயிடும்." ஹோபர்ட் அதைப் பைபிள் வசனம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

அன்று காலையிலிருந்தே நெஞ்சு எரிகிறது என்றார். காலைக்குச் சுட்ட பிஸ்கட் ரொட்டியையும் அதன்மேல் ஊற்றும் குழம்பையும் தொடவில்லை. "இன்னிக்குப் போகவேணாம், பேசாம படு" என்றேன்.

"அந்த ஆஷ்லின் பொண்ணுக்கு இன்னிக்குக் கடைசி பரீட்சை. ஒருதரம் பெயிலாயிட்டா. அன்னிக்கு வராண்டாவுல நின்னு எப்படி அழுதா தெரியுமா? இன்னிக்கும் போச்சுன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான் போகலைன்னா அவளுக்கு நோயாளிக்கு எங்க போவாங்க?"

"உனக்கு என்னவோ பண்ணுதே, அது?"

"இன்னிக்கு எனக்குக் கொடுத்திருக்கிற நோயே அசிடிட்டிதான்டி. நடிக்கவே வேணாம், பாரேன்!" சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பரீட்சை அறையில் காமிரா உண்டு. அந்தப் படத்தை டெனிஸ் எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினாள். ஆஷ்லின் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறாள். சின்னப் பெண். ஹோபர்ட் எழுதிக் கொடுத்தபடியே ஆரம்பிக்கிறார். நெஞ்சு எரிச்சல், காரம் சாப்பிட்டால் அதிகம், படுத்தால் இன்னும் அதிகம். பிறகு நெஞ்சைத் தடவுகிறார். நெற்றியில் வியர்வை மின்னுவது படத்திலேயே தெரிகிறது.

"தாடையெல்லாம் இழுக்குதும்மா. இடது கையும் என்னவோ பண்ணுது."

அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். நன்றாகத்தான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, கற்றுக்கொடுத்தபடி தலையைச் சாய்த்து, "இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது" என்கிறாள். அந்த வரிக்கு மார்க் உண்டு. அப்புறம் அசிடிட்டி என்கிறாள், மாத்திரை பெயரைச் சொல்கிறாள், ராத்திரி சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறாள்.

ஹோபர்ட் வாயைத் திறக்கிறார், மூடிக்கொள்கிறார். அவருக்கு அவள் மார்க்குதான் ஞாபகம் வந்திருக்கும். பாவி மனுஷன்.

மணி அடித்த பிறகு, நோயாளி வேஷத்தைக் கலைத்துவிட்டு, தன்னை எப்படிக் கவனித்தார்கள் என்று மாணவரிடம் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். "நல்லா பார்த்துக்கிட்டம்மா, நல்லா வருவே" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு எழுந்து போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வாத்தியார், நோயாளி சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார் என்று குறை எழுதி வைத்தார். வண்டி நிறுத்துமிடத்தில், சாவி கையிலிருக்க, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி ஹோபர்ட் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் போயிருந்தது.

ஆஷ்லின் பாஸ். பட்டம் வாங்கினாள், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டாள். எங்கே வேலைக்கு வந்தாள் தெரியுமா? எங்கள் ஊர் கிளினிக்குக்கு. அடுத்த கிளினிக்குக்கு மலை தாண்டிப் போக வேண்டும். ஒரு வருஷம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. தலைசுற்றிச் சமையலறையில் விழுந்த பிறகு போனேன். வேறு வழியில்லை.

பெயரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்தாள்.

"இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா..."

"வாயை மூடு. அந்த வசனத்தை என் வீட்டு ஆள் சாகும்போது கேட்டாச்சு. நான் நடிக்க வரலை."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுது, மிஸஸ் நேப்பியர். தாடைன்னு சொன்னதும் தெரிஞ்சுது. ஆனா இந்தத் தடவை அசிடிட்டிதான் வரும்னு சீனியருங்க சொல்லி வச்சிருந்தாங்க. ஹார்ட்டுன்னு சொன்னா பெயிலாயிடுவேன்னு பயந்துட்டேன். அவரும் கடைசியில சிரிச்சாரு, அதனால..."

"அவன் உன் பரீட்சைக்காகச் சிரிச்சான்டி!"

நான் போட்ட சத்தத்தில் வெளியே பேச்சு நின்றுபோனது. அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்தேன். அறை சுற்றியது.

உட்கார்ந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்தாள். ஹோபர்ட் பாஸ் பண்ண வைத்த பெண்ணைத் தவிர எங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சட்டைக் கையைச் சுருட்டி அவளிடமே நீட்டினேன்.