எல்சா வீட்டுக் குழாய்

நாவலூரில் என் மகள் வீட்டுக் குளியலறைக் குழாய் போன வாரம் சொட்டத் தொடங்கியது. பழுது பார்க்க வந்தவர் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். வாசனையே இல்லை. குழாய் வேலை என்றால் சணலும் பெயின்டும் கலந்த ஒரு நெடி அடிக்க வேண்டும் எனக்கு. நெடியில்லாத வேலையை நம்ப மனம் வரவில்லை. ஆனால் சொட்டுவது நின்றுவிட்டது.

அந்த நெடியை நான் முதலில் முகர்ந்தது எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில். கருங்குழியிலிருந்து அங்கே டீச்சராகப் போயிருந்தேன். ஒரு வீட்டின் முன்பாதி எனக்கு வாடகை, பின்பாதி எல்சாவுக்கு. எல்சா சுவீடன்காரி, பாறைச் சிற்பங்களைப் பார்த்து வரைய வந்தவள். இரண்டு பேருக்கும் தண்ணீர் கொல்லைக் கிணற்றில்தான். அக்கம்பக்கத்துப் பத்து வீட்டுக்கும் அதுவே.

ஒருநாள் எல்சா வெளிறிப்போய் என்னிடம் வந்தாள். அவள் அம்மா ஊரிலிருந்து இரண்டு வாரம் தங்க வருகிறாளாம். கவலைப்படக் கூடாதென்று, வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வருகிறது என்று அம்மாவுக்கு ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா வர ஒரு மாதம் இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். மாடியில் தொட்டி கட்டி, மரையில் சணல் சுற்றி, பெயின்ட் தடவி, குழாய்களை முடுக்கினார். கிணற்றில் மோட்டார் வைக்கும் நாள் வந்தபோது பக்கத்து வீட்டு அஞ்சலை கிணற்றடியில் வந்து நின்றாள். மீன் விற்பவள், அவள் நின்றால் நின்றதுதான்.

"மெஷினு வெச்சி இழுத்தா கடலு உள்ளார வந்துரும் டீச்சர். அப்பறம் நாங்க இன்னாத்த குடிக்கறது?"

நான்தான் மொழிபெயர்ப்பாளர். தண்ணீர் கரிக்கும் என்பதற்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. தண்ணீர் கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிவைத்தேன். எல்சா அதை மரியாதையாக நோட்டில் எழுதிக்கொண்டாள். மோட்டார் செங்கல்பட்டுக்கே திரும்பிப் போனது. போகும்போது பிளம்பர், "கொழா ரெடி. தண்ணிதான் இல்ல" என்றார்.

எல்சா கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அஞ்சலை காரணம் கேட்டாள். அம்மாவுக்குச் சொன்ன பொய்யை எடுத்துச் சொன்னேன். இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை.

"பெத்தவ வராளா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அஞ்சலை. பிறகு மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, தொட்டிக்குத் தானே தண்ணீர் மொண்டு ஊற்றுவதாகச் சொன்னாள்.

அம்மா வந்தாள். முழங்கால் வலியால் கோல் ஊன்றி நடந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. அதனால் எங்களுக்குள் மனஸ்தாபமே வரவில்லை. குழாயைத் திறந்து, விழும் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு முறை குளித்தாள். அஞ்சலை விடியற்காலையில் பதினெட்டுக் குடம் ஏற்றினாள். மத்தியானம் மீன் விற்றுவிட்டு வந்து மறுபடி ஏற்றினாள்.

நாலாம் நாள் மத்தியானம் எல்சா வரையப் போயிருந்தாள். நான் அரை நாள் லீவில் வீட்டில் இருந்தேன். அம்மா கோலை ஊன்றி மாடிப்படியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். உடை முன்பக்கம் நனைந்திருந்தது. குழாயை இறுக்கி மூடினாள். என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

பின்னால் வந்த அஞ்சலை சொன்னாள்: "கெய்வி மேல வந்து பாத்துட்டா டீச்சர். எங்கையிலருந்து கொடத்த வாங்கி அவளே ஒண்ணு ஊத்துனா."

அன்றிலிருந்து அம்மா ஒரு நாளைக்கு ஒரு பக்கெட்டோடு சரி. இங்கத்து வெயில் தனக்கு ஒத்துக்கொள்கிறது, அடிக்கடி குளிக்கத் தோன்றவில்லை என்று மகளிடம் சொன்னாளாம். எல்சா அதை நம்பி என்னிடம் சந்தோஷப்பட்டாள். நான் தலையாட்டினேன்.

மறு வருடம் எல்சாவும் ஊர் திரும்பினாள். கொஞ்ச காலம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்மா இறந்துவிட்டாள், கடைசிவரை மகள் வீட்டுக் குழாயைப் பற்றி எல்லாரிடமும் பெருமை பேசினாள், நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தாள்.

அந்த வீட்டை இடித்து இப்போது விடுதி கட்டியிருக்கிறார்கள். கிணற்றின்மேல் கார்கள் நிற்கின்றன. அஞ்சலை போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எல்சாவுக்கு நடந்ததை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவள் முகவரி இருந்த கடிதத்தைப் பெட்டி பெட்டியாகத் தேடினேன். ஏதோ ஒரு வீடு மாற்றலில் அது தொலைந்துபோயிருந்தது.