ஸ்ட்ராபெரி காந்தம்

டோர்தேயின் வலது கையில் இரண்டே விரல்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். மற்ற மூன்றையும் ஆறு வருடங்களுக்கு முன்னால் ஹெர்ரிங் மீனுக்குத் தோலுரிக்கும் மெஷின் தின்றுவிட்டது. மிச்சமுள்ள இரண்டு விரலால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டென்மார்க்கில் எத்தனை கம்பெனிக் கேன்டீன் உண்டோ அத்தனையிலும் ஏறி நின்று, ஒரே பேச்சைப் பேசுவாள்.

"நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அன்னிக்கு என் கவனம் சிதறிச்சு. தப்பு என்னோடது. அத என்னிக்கு ஒத்துக்கிட்டேனோ அன்னிக்குத்தான் எழுந்து நின்னேன்."

கூட்டம் எழுந்து கைதட்டும். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். டோர்தேக்குத்தான் தெரியும், சொன்னது அத்தனையும் பச்சைப் பொய்.

அவள் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணியது, புருஷனை வீட்டை விட்டு அனுப்பி வைத்தது எல்லாமே லிம் நீரிணையின் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில்தான். அங்கே இருக்கிறவர்களுக்கு மீன் தொழிற்சாலையை விட்டால் வேறு கதி இல்லை. இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவள் இருபத்து மூன்று வருடம் அங்கேயே ரப்பர் பூட்ஸோடு நின்றாள்.

ஒரு மெஷினுக்கு ஆறு பெண்கள். ஆறு பேரும் சேர்ந்து எத்தனை கிலோ தள்ளுகிறார்களோ அதற்கேற்ற கூலி ஆறாகப் பிரியும். ஒருத்தி மெதுவாக வேலை செய்தால் மற்ற ஐந்து பேர் வீட்டிலும் அது தெரியும். மெஷினின் கத்திக்கு மேலே ஒரு மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும், அதற்கென்று ஓரத்தில், மூடியிலுள்ள காந்தம் விலகினால் கண்டுபிடிக்கிற ஒரு சின்ன உணர்வி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹெர்ரிங் சின்ன மீன், வழுக்குகிற மீன், ஒரு ஷிப்டில் நாற்பது தடவை சிக்கும். சிக்குகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்று மறுபடி ஓட ஒன்றரை நிமிடம் ஆகும். நாற்பது ஒன்றரை நிமிடத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

வழி கண்டுபிடித்தவள் டோர்தேதான். சூப்பர் மார்க்கெட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் வாங்கினாள். ஒரே அட்டையில் நான்கு பழங்கள்: வாழைப்பழம், எலுமிச்சை, பேரி, ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரியைக் கொண்டுபோய் உணர்வியின் மேல் ஒட்டினாள். மூடி திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிட்டது. ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டு மீனை எடுத்துக்கொள்ளலாம். அந்த வாரமே கிலோ எகிறியது. வெள்ளிக்கிழமை கேக் வெட்டி டோர்தேயைக் கொண்டாடினார்கள்.

மேற்பார்வையாளன் ஹெல்கே ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தப் பக்கம் நடப்பான். அவன் கண்ணில் ஸ்ட்ராபெரி பட்டதே இல்லையாம்! ஆனால் பாதுகாப்பு அதிகாரி வாசலில் வந்து பெயர் எழுதும் நேரத்தில் மட்டும் ஓடி வந்து, "பொண்ணுங்களா, இன்னிக்கு ஸ்ட்ராபெரி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விரல் போகும்வரை அது நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்தது.

விரல் போன அன்று மருத்துவமனைக்கு அதிகாரி வந்தார். காந்தத்தைச் சொன்னால் ஐந்து தோழிகளுக்கும் வேலை போகும். பக்கத்தில் நின்று வேலை செய்த மெரேதேக்கு இரண்டு பிள்ளைகள் வேறு. "கவனம் சிதறிடுச்சு" என்றாள் டோர்தே. அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வேலை இல்லாதவர்களுக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்று வேலைவாய்ப்பு அலுவலகம் அவளை ஒரு வகுப்பில் உட்கார வைத்தது. போகாவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் யெஸ்பர் அவளைப் பிடித்தான். வெள்ளைச் செருப்பு, வெள்ளைப் பல், ஓயாத வாய். "பழிய ஊர் மேல போடறவன் உக்காந்தே கிடப்பான். தன் மேல போட்டுக்கிறவன் எழுந்துப்பான்" என்பது அவன் கடையில் விற்கிற சரக்கு. டோர்தேயின் கையைப் பார்த்து, "கவனம் சிதறிடுச்சு" என்ற அந்த ஒற்றை வாக்கியத்தையும் கேட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"உன்கிட்ட தங்கம் இருக்கு டோர்தே. ஊரே உன்ன கூப்பிடும்."

கூப்பிட்டது. இடது கையால் எழுதப் பழகியது, மறுபடி கார் ஓட்டப் பழகியது, தனியாக வீட்டை நடத்தியது எல்லாம் உண்மைதான். அதற்காகக் கைதட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் கைதட்டியது "தப்பு என்னோடது" என்ற இடத்தில்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள்தான் எப்போதும் முதலில் தட்டினார்கள். தெரியாமலா தட்டினார்கள்? நாலு வருடம் அந்தப் பேச்சில்தான் அவள் அடுப்பு எரிந்தது. வேறு பிழைப்பும் இல்லை.

இந்த வசந்தத்தில் கூப்பிட்டது பழைய தொழிற்சாலை. பாதுகாப்பு வாரமாம்! ஹெல்கே இப்போது மேனேஜர்.

"வா டோர்தே, உன் பழைய இடத்த பாத்துட்டு வந்துடலாம்" என்று வெள்ளைக் கோட்டும் தலைமுடிக்குப் போடும் வலையும் கொடுத்து உள்ளே கூட்டிப் போனான். அதே ஈரத் தரை, அதே நாற்றம். அதே மெஷின் முன்னால் மெரேதே நின்றாள். மூடி திறந்திருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மெரேதேயின் கை உள்ளே இருந்தது. உணர்வியின் மேல் ஸ்ட்ராபெரி. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.

"அடியே, கிட்ட வராத, நனைஞ்சிடுவ!" என்று மெரேதே சிரித்தாள்.

"மெரேதே, கைய எடு."

"என்னது?"

"கைய வெளிய எடுடி!"

மெரேதே எடுத்தாள். "எதுக்குடி இப்படிக் கத்தற? ஆறு வருஷமா ஒண்ணும் ஆகலயே."

டோர்தேக்கு வந்தது பயமில்லை, கோபம். ஹெல்கே மேலா, மெரேதே மேலா, தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். தான் மூடி வைத்த வாயில்தான் இந்தக் காந்தம் ஆறு வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது! இடைவேளை மணி அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். ஹெல்கே கதவருகே திரும்பிய நேரத்தில் டோர்தே ஸ்ட்ராபெரியைப் பிய்த்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

கேன்டீனில் அறுபது பேர், காப்பி, வெண்ணெய் தடவிய ரொட்டி, மேஜைதோறும் பாட்டுப் புத்தகம். நாலு பேர் கூடினால் பாடாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள். காலைச் சூரியனைப் பற்றி மூன்று சரணம் பாடினார்கள். அவள் பேச்சுகளுக்கு ஏற்பாடு செய்கிற யெஸ்பர் முன்வரிசையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். டோர்தே மைக்கைப் பிடித்தாள்.

"நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்னு வழக்கமா ஆரம்பிப்பேன். இன்னிக்குச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

சுவரில் ஒவ்வொரு டீமும் அந்த வாரம் தள்ளிய கிலோ எழுதிய வெள்ளைப் பலகை இருந்தது. மெரேதேயின் டீமுக்குத்தான் முதலிடம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் டக்கென்று ஸ்ட்ராபெரியை ஒட்டினாள்.

"இத நான்தான் வாங்கிட்டு வந்தேன். இது இருந்ததாலதான் என் விரல் போச்சு. கவனமும் சிதறல, கத்திரிக்காயும் சிதறல. நாலு வருஷமா ஊர் ஊராப் போயி பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப கால்மணி நேரத்துக்கு முன்னாடி இத அதே மெஷின்ல இருந்து எடுத்துட்டு வரேன். ஹெல்கே, இன்னிக்கு ஸ்ட்ராபெரி வேண்டாம்னு சொல்ல மறந்துட்டியா?"

ஒருத்தரும் கைதட்டவில்லை. ஹெல்கேயின் முகம் வெளிறியது. "டோர்தே, இத அப்புறமா ஆபீஸ்ல உக்காந்து..."

"ஆபீஸ்ல என்ன பேசறது? பத்து தடவ பாத்துட்டுப் போவியே, அதையா?"

யெஸ்பர் எழுந்து வந்து காதோரம் சீறினான். "பைத்தியமா உனக்கு? இனிமே உன்ன எவன் கூப்பிடுவான்?"

"கூப்பிட வேணாம். போயி உக்காரு."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "உனக்கென்ன, பேசிட்டு கார் ஏறிப் போயிடுவ! எங்க கூலில மண்ணள்ளிப் போடவா வந்த?"

"ஆமா, போடத்தான் வந்தேன்! கிலோ குறையட்டும். குறைஞ்சா சங்கத்த கூப்பிட்டு இவன்கிட்ட கேளுங்க, என்கிட்ட கேக்காதீங்க. பத்து விரல வெச்சுக்கிட்டு கேளுங்க!"

சலசலப்பு அடங்குவதற்குள் மெரேதே எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, பலகையில் இருந்த ஸ்ட்ராபெரியையே பார்த்தாள்.

"அன்னிக்கு அதிகாரி மெஷினப் பாக்க வந்தப்ப காந்தம் அங்க இல்ல. ஏன்னா நான் எடுத்துட்டேன். இவ கை மாட்டினதும் சிவப்பு பொத்தான அழுத்தினேன். அப்புறம் காந்தத்த எடுத்து பூட்ஸுக்குள்ள போட்டேன். அதுக்கு அப்புறம்தான்..." அவள் டோர்தே பக்கம் திரும்பினாள். "அதுக்கு அப்புறம்தான் டோர்தே உன் கையப் பிடிச்சேன்."

"தெரியும்டி," என்றாள் டோர்தே. மைக் இன்னும் வாய்க்கருகில் இருந்ததால் அது கேன்டீன் முழுக்கக் கேட்டது. "பாத்துக்கிட்டுதான் கிடந்தேன்."

அந்த ஒரு காட்சியை எத்தனை மேடையில் விழுங்கியிருப்பாள்! நம்மை விட்டால் இவளுக்கு யார் என்று வாய் மூடியதெல்லாம் சரி. தரையில் ரத்தத்தோடு கிடந்தபோது மெரேதேயின் இரண்டு கைகளும் தன்னிடம் வராமல் முதலில் காந்தத்துக்குப் போனதை அவள் மன்னித்ததே இல்லை.

மெரேதே விறுவிறுவென்று வேலைக்கூடத்துக்கு நடந்தாள். டோர்தே பின்னாலேயே போனாள், ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். மெரேதே மூடியைச் சாத்திவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஓடியது. மூடியைத் தூக்கினாள். மெஷின் நின்றது. மூடினாள், ஓடவிட்டாள், மறுபடி தூக்கினாள். மறுபடியும் நின்றது.

"உடனே நின்னுடுதுடி," என்றாள் மெரேதே, முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டு.

"ஆமா," என்றாள் டோர்தே. "அப்பவும் உடனேதான் நின்னிருக்கும்."