பத்தோடு நின்ற முப்பது பூசை

அன்று கல்லறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பிரான்சிலிருந்து வந்திருந்த என் அண்ணன், அண்ணி, கல்லறைகளை மந்திரிக்க வந்த பங்குசாமியார். மண்ணுக்குள் அம்மா.

கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தி வாசனை, மெழுகுவத்திப் புகை. அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். துப்பாக்கி பிடித்த கையால் அம்மாவின் சிலுவையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நம்ம அம்மா வாய்க்கு முப்பது பூசை பத்துமான்னு தெரியல.”

“மெதுவா பேசுங்க,” என்றார் அண்ணி. “அவங்களுக்குக் காது நல்லா கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அண்ணன் சாமியாரிடம் திரும்பினார்.

“முப்பது பூசை சாமி, ஒரு நாள் விடாம. பணம்தான் நான் அனுப்பிச்சேன். ஓடி ஓடிப் பார்த்தது என் தங்கச்சி.”

எந்தப் பூசை யாருக்காக என்று நோட்டில் எழுதுகிறவரே அந்தச் சாமியார்தான். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தீர்த்தம் தெளித்தார். ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அம்மா இறந்ததும் அண்ணன் ஆறாயிரம் அனுப்பியிருந்தார், பூசைக்கு இருநூறு என்று. மொத்தமாகக் கட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கட்டிவிட்டால் நடுவில் எழுத மறந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அதனால் தினமும் நானே போய் இருநூறு கொடுத்து, அம்மா பெயரை எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். பத்து நாள் அப்படி நடந்தது.

பதினோராம் நாள் காலை நெஞ்சு படபடவென்று அடித்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. “இன்னாத்துக்கு இப்டி நடுங்குற? சோடா குடி, சரியாப்பூடும்,” என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போனேன். இ.சி.ஜி., ஸ்கேன், ரத்தம், மாத்திரை. கைப்பையில் இருந்த நாலாயிரமும் போனது.

“ஒண்ணுமில்லம்மா, கேஸ்,” என்றார் டாக்டர். “நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

நான் ஏழாவதோடு நின்றவள். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்ததுதான். அங்கிருக்கிற ஆத்துமாக்கள் எப்படியும் மோட்சம் போய்விடுவார்கள். ஆனால் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும். தங்களுக்காகத் தாங்களே எதுவும் செய்துகொள்ள முடியாது, நாம்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். அன்று டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவை யார் கூப்பிடுவார்கள்?

முப்பதும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு வந்த வாயுவால் அது அறுந்தது. அண்ணன் போனில், “முடிஞ்சுதா?” என்று கேட்டபோது, “முடிஞ்சுதுண்ணா,” என்றேன். அதற்குப் பிறகு செபமாலை சொல்ல உட்கார்ந்தால், அம்மாவின் பெயர் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும்.

கல்லறைக்குப் போய்வந்த மறுநாள் காலை சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ பண்ண தப்புக்கு ஆண்டவர் உங்கம்மாவ வெளியே நிக்க வெச்சிருப்பாருன்னு நினைக்கிறியா?”

“நினைக்கிறேன் சாமி.”

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அவரோட இரக்கம் நம்ம எண்ணிக்கைக்குள்ள அடங்காதும்மா. அம்மாவ அவரு பார்த்துப்பாரு. ஆனா பூசைக்குன்னு குடுத்த காசு பூசைக்குத்தான் போவணும். அறுந்தது அறுந்துபோச்சு, மீதி இருபதையும் முடிஞ்சப்ப ஒவ்வொண்ணா குடு. அதுக்கு முன்னாடி உங்கண்ணன்கிட்ட சொல்லு.”

அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மடித்த சட்டையையே வெகுநேரம் மறுபடி மடித்தார்.

“கேட்டிருந்தா டாக்டருக்குன்னு தனியா அனுப்பிச்சிருக்க மாட்டேனா, பாப்பா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தை நீட்டினேன். அவர் தொடவில்லை.

“எனக்கு எதுக்கு? அது அம்மாவோடது.”

அண்ணன் போய்விட்டார். தையல் காசு சேரும்போதெல்லாம் கோவிலுக்குப் போய் இருநூறு கொடுக்கிறேன். எழுதுகிறார்களா என்று இப்போது நின்று பார்ப்பதில்லை. அந்த நோட்டைப் பார்க்க முகமில்லை. மீதி இருபதில் இதுவரை ஆறு பூசை ஆகியிருக்கிறது. அம்மாவுக்கு நான் தர வேண்டியது இன்னும் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.